மணி சிந்திய தரை

பிப்ரவரி 11, செவ்வாய்

ஆற்றுப் பாலம் பேருந்தோடு சேர்ந்து இடிந்து விழுந்த வருஷம். சந்தைக் கோபுரத்துக் கடிகாரத்தில் இடி இறங்கி, முள் இரண்டும் ஒட்டிக்கொண்டு நின்றதும் அதே வருஷம்தான். என் மகள் பிறந்தாள். அவள் குப்புறப் படுக்கப் பழகிய மாதத்தில் என் தம்பியைக் கொன்றார்கள். அந்த வருஷத்துக்கு ஓர் எண் இருக்கும். எண் படித்தவர்களுக்கு. எனக்கு இது போதும்.

கொன்றவனை இன்றைக்குப் பார்த்தேன். பக்கத்துப் படுக்கையில் படுத்திருக்கிறான்.

பிப்ரவரி 12, புதன்

நேற்று அதற்கு மேல் வாய் வரவில்லை. போனை அணைத்துவிட்டேன்.

கையெழுத்துக்கூடப் போடத் தெரியாதவனுக்கு நாட்குறிப்பு எதற்கு என்று எவனாவது கேட்டால், வாய் இருக்கிறதே என்பேன். மகள்தான் ஏற்பாடு செய்து கொடுத்தாள். நான் பேசினால் போன் எழுதிக்கொள்ளும், தேதியையும் அதுவே போட்டுக்கொள்ளும். ஒரே ஒரு வீம்பு அதற்கு. வீட்டில் பேசுவதுபோல் பேசினால் கன்னாபின்னாவென்று எழுதுகிறதாம். செய்தி வாசிப்பவன்போல் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும். "சுவத்தப் பாத்துப் புலம்புறதுக்கு இதுல புலம்புப்பா" என்றாள்.

சரி, புலம்புகிறேன்.

சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். இடது கையில் இரண்டு ஊசி. ரத்தம் ஒரு குழாயில் வெளியே போய், மிஷினைச் சுற்றிவிட்டு இன்னொரு குழாயில் திரும்பி வரும். நேற்று பக்கத்துப் படுக்கைக்குப் புது ஆள். சட்டையைக் கழற்றினான். காதுக்குக் கீழே தொடங்கித் தோள்வரை, உருகி வழிந்த மெழுகுபோல் தோல். காது மடல் பாதி இல்லை.

அந்தத் தழும்பு எனக்குத் தெரியும். நான் போட்டது. எழுதத் தெரியாத நான் வாழ்க்கையில் எழுதிய ஒரே எழுத்து அவன் கழுத்தில்தான் இருக்கிறது.

கொக்கி. மூட்டை இழுக்கிற இரும்புக் கொக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்ததால் அந்தப் பெயர். அப்போது கூலிக்கு அடிக்கிற கும்பலில் ஒருத்தன். இப்போது வயிறு வீங்கி, கால் வீங்கி, பல் பாதி போய் வந்து படுத்திருக்கிறான்.

"அண்ணே, ஊசி குத்துனா ரொம்ப வலிக்குமா?" என்று கேட்டான்.

என்னை அடையாளம் தெரியவில்லை அவனுக்கு. அண்ணே என்கிறான். என்னை அப்படிக் கூப்பிட ஒருத்தன் இருந்தான்.

பிப்ரவரி 13, வியாழன்

அவனைக் கொல்ல வேண்டும். நான் போய்ச் சேர்வதற்கு முன்னால்.

பிப்ரவரி 14, வெள்ளி

மகள் வேலைக்குப் போய்விட்டாள். இன்றைக்கு முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

எங்களுடையது மணிக் கம்பெனி. ரெசின் என்று மூட்டையில் அச்சடித்திருக்கும். நாங்கள் மணி என்றுதான் சொல்வோம். கடுகு அளவு உருண்டை. மூக்கைத் துளைக்கிற ஓர் எண்ணெயைச் சுடுதண்ணீரில் விட்டு, கெட்டிலுக்குள் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கெட்டில் என்றால் டீ போடுகிறது அல்ல, ஆள் உள்ளே நிற்கலாம், அவ்வளவு பெரிய இரும்புக் கலன். சுற்றுகிற வேகத்தில் எண்ணெய் சொட்டுச் சொட்டாகப் பிரிந்து, அந்தச் சொட்டு அப்படியே இறுகி வெள்ளை மணியாகும். பிறகு அதைச் சூடான கந்தக அமிலத்தில் வேக வைப்போம். பழுப்பாகும். அப்படி வெந்த பிறகுதான் அதற்குப் பிடிக்கிற குணம் வரும். தண்ணீரை விட்டால் அதில் இருக்கிற சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்ளும். வேறு மருந்தில் ஊற வைத்த மணி செம்பைப் பிடிக்கும்; பிடித்ததும் நீலமாகிவிடும். முலாம் பூசுகிற பட்டறைக்காரர்கள் அதை வாங்கிக்கொண்டு போவார்கள்.

நான் அமிலத் தளத்தில். தம்பி கீழே ஷெட்டில், மூட்டை பிடிக்கிற வேலை. பாய்லர்காரர் எங்கள் இருவருக்கும் மூத்தவர், பாய்லரைப்போலவே குமுறிக்கொண்டே இருப்பார்.

ஒரு நாள் கரண்ட் போய்க் கெட்டில் சுற்றுவது நின்றது. சுற்றுவது நின்றால் சூடு வெளியே போகாது. எண்ணெய் தனக்குத் தானே கொதித்து மூடியைப் பிய்த்துக்கொண்டு கிளம்பியது. கீழே நின்ற இரண்டு பேர் மேல் விழுந்து அப்படியே இறுகிவிட்டது. தோலோடு சேர்த்து உரித்துத்தான் எடுத்தார்கள். ஒருத்தன் அன்றைக்கே போனான். மற்றவன் பத்து நாள் கத்திவிட்டுப் போனான்.

கரண்ட் போனால் தானாக ஓட ஒரு டீசல் மோட்டார் வை என்று கேட்டோம். முதலாளி முடியாது என்றார். உள்ளேயே உட்கார்ந்துவிட்டோம். எங்களைக் கிளப்பக் கொக்கி கும்பல் வந்தது. ஏழெட்டுப் பேர், கையில் இரும்புக் குழாய். கீழே ஷெட்டில் அப்போது தம்பியும் பாய்லர்காரரும்தான்; மற்றவர்கள் மேலே என்னோடு.

தம்பி என்ன செய்தான் தெரியுமா? ஷெட்டில் அடுக்கியிருந்த மூட்டைகளைக் கத்தியால் கிழித்துத் தரை முழுக்க மணியைக் கொட்டிவிட்டான். மணி சிந்திய தரையைப் பற்றி எங்களுக்குத்தான் தெரியும். ஒரு கைப்பிடி சிந்தினாலும் பெருக்காமல் நகர மாட்டோம். கால் வைத்தால் பூமியே காலடியில் உருண்டு ஓடும். அவர்கள் ஓடி வந்தார்கள். ஒருத்தன்கூட நிற்கவில்லை. மண்டை தரையில் மோதுகிற சத்தம் மேலே அமிலத் தளம்வரை கேட்டது. ஒருவன் முழங்கால் பின்பக்கமாக மடங்கிக் கிடந்தான்.

பாய்லர்காரர் பிறகு சொல்லித்தான் தெரியும், கொக்கி மட்டும் புத்திசாலி. பூட்ஸைக் கழற்றி எறிந்தான். உட்கார்ந்தான். தரையில் இருக்கிற சாக்கடைக் கம்பியில் கொக்கியை மாட்டி மாட்டித் தன்னை இழுத்துக்கொண்டே தம்பியின் காலடிக்கு வந்துவிட்டான். கொக்கியைக் கணுக்காலில் போட்டு இழுத்தான். தம்பி விழுந்தான். பிறகு அடித்தான். அடித்துக்கொண்டே இருந்தான்.

நான் ஏணியில் இறங்கியபோது தம்பிக்கு முகம் என்று ஒன்று இல்லை. அமில வாளியும் மொள்கிற மக்குமாக இறங்கியிருந்தேன். வீசினேன். கழுத்து வெந்த வாசம் இப்போதும் மூக்கில் இருக்கிறது. இரண்டாவது மக்கு மொண்டபோது பாய்லர்காரர் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிக்கொண்டார். "போதும்டா, ஒரு பொணம் போதும்டா." அதற்குள் அவன் தவழ்ந்து ஓடிவிட்டான்.

வழுக்கி விழுந்து செத்தான் என்று போலீஸ்காரர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். தரையில் கிடந்த மணியைக் கம்பெனி கூட்டி அள்ளியது. கழுவி, காயவைத்து, மூட்டை கட்டி விற்றுவிட்டது. என் தம்பி ரத்தத்தோடு.

வாய் வறண்டுவிட்டது. தண்ணீர் குடிக்கக்கூட அளவு வைத்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 15, சனி

கை நீட்டினேன். அவன் தூங்கிக்கொண்டிருந்தான், வாயைப் பிளந்துகொண்டு. அவன் குழாய் என் விரலுக்கு அந்தப் பக்கம் தொங்கியது. ஒரு இழுப்புதான். இன்னும் கொஞ்சம் சாய்ந்தேன்.

என் ஊசி கழன்றுகொண்டது.

என் ரத்தம் பீய்ச்சியடித்து அவன் போர்வையில் போய் விழுந்தது. மிஷின் கத்தியது. அவன் விழித்துக்கொண்டு கத்தினான். "சிஸ்டர்! ஓடி வாங்க! அண்ணனுக்கு ரத்தம் கொட்டுது!" தன் சும்மா இருந்த கையால் என் கையை அமுக்கிப் பிடித்துக்கொண்டான். நாய். இரும்பு மாதிரிப் பிடி இன்னும் இருக்கு அவனுக்கு.

சிஸ்டர் கட்டுப் போட்டுவிட்டுத் திட்டினாள். "கைய ஆட்டாதீங்கன்னு சொன்னா கேக்குறீங்களா தாத்தா? இந்தக் கைக்கு வேற ஸ்பேர் இருக்கா?"

தன்னைக் கொல்லப் போனவனைக் காப்பாற்றிவிட்டு, கொக்கி எனக்குத் தைரியம் வேறு சொன்னான். இதைவிட அசிங்கம் உண்டா?

பிப்ரவரி 16, ஞாயிறு

பாய்லர்காரருக்குப் போன் போட்டுச் சொன்னேன். கட்டிலோடு கிடக்கிறார், குரல் மட்டும் எழுந்து நடக்கிறது.

"கொக்கியா? அந்தக் கழிசடை இன்னும் சாகலையா?"

"பக்கத்துல படுத்திருக்கான்."

"டேய், நான் அப்ப உன்னக் கட்டிப் புடிச்சது தப்பில்ல. இப்ப யாரும் புடிக்க மாட்டாங்க. யோசிச்சுச் செய்."

பிப்ரவரி 18, செவ்வாய்

பொட்டாசியம் ஏறாமல் இருக்க எங்களுக்கு ஒரு தூள் கொடுக்கிறார்கள். தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். மண் கரைசல்போல் இருக்கும். முதல் தடவை நாக்கில் பட்டபோதே எனக்குப் புரிந்துவிட்டது. டாக்டரிடம் கேட்டேன், தலையாட்டினார். அதே மணிதான். அமிலத்தில் வெந்த மணியை மாவாக அரைத்தது. தண்ணீரில் சுண்ணாம்பைப் பிடிக்கிற மாதிரி குடலில் பொட்டாசியத்தைப் பிடிக்குமாம். வாழ்நாளெல்லாம் செய்ததைக் கடைசியில் குடிக்க வைத்துவிட்டார்கள்.

கொக்கி டம்ளரைக் கையில் எடுத்தபோது சொன்னேன்.

"அது என்னன்னு தெரியுமாடா உனக்கு?"

டா போட்டதும் திரும்பிப் பார்த்தான்.

"மணி. நீ உக்காந்து உக்காந்து வந்தியே, அந்தத் தரையில கிடந்தது. என் தம்பி ரத்தத்தோட அள்ளி வித்தாங்க. எங்கெங்க சுத்துச்சோ, அரைச்சு இப்ப உன் டம்ளருக்கு வந்திருக்கு. குடி."

என் முகத்தைப் பார்த்தான். கை தானாகக் கழுத்துக்குப் போனது.

"அந்த மக்கு... நீயா?"

"நான்தான்."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டான். பிறகு, "குறி தப்பிருச்சேடா. கொஞ்சம் மேல விட்டிருந்தா கண்ணு ரெண்டும் போயிருக்கும்" என்றான்.

பிப்ரவரி 20, வியாழன்

காத்திருக்கிற அறையில் அடித்துக்கொண்டோம். அவன்தான் முதலில் உதைத்தான், வீங்கின காலால். வலி அவனுக்கும்தான். நான் கைத்தடியால் காதில் போட்டேன், அரைக் காதில். நாற்காலி சாய்ந்து இரண்டு பேரும் விழுந்தோம். எழுப்ப நாலு பேர் வந்தார்கள். எனக்கு உதடு கிழிந்தது, அவனுக்கு இருந்ததில் ஒரு பல் போனது.

"ரெண்டு பேர்ல ஒருத்தர வேற நாளுக்கு மாத்திடுறேன்" என்றாள் சிஸ்டர்.

"வேணாம்" என்றேன். "வேணாம்மா" என்றான் அவனும், ரத்தத்தைத் துப்பிக்கொண்டே. அவள் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

மகள் வீட்டில் பிடித்துக்கொண்டாள். "இந்த வயசுல ரௌடித்தனமா? யாருப்பா அந்த ஆளு?" சொன்னேன். அவள் சித்தப்பாவைப் பார்த்த நினைவு அவளுக்கு இல்லை. தூக்கி வைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறான், என்ன பிரயோஜனம். கொஞ்ச நேரம் கழித்து, "சித்தப்பா எப்படி இருப்பாரு?" என்று கேட்டாள். ஒரு போட்டோகூட இல்லை. நல்லா இருப்பான் என்றேன். வேறு என்ன சொல்வது? அந்தக் கடைசி முகம்தான் முன்னால் வந்து நிற்கிறது. அது முகம் இல்லை.

பிப்ரவரி 22, சனி

கொக்கி இன்று தானாகவே பேசினான். மிஷினைப் பார்த்துக்கொண்டே.

"உன் தம்பிய ஏன் அப்படி அடிச்சேன்னு கேக்க மாட்டியா?"

"காசு வாங்கிக்கிட்டு அடிச்ச."

"காசு கையக் கால ஒடைக்கத்தான். அவன் சிரிச்சான்டா. நாங்க அத்தன பேரும் தொபுக்கு தொபுக்குனு விழுந்தோமா, மூட்டை மேல ஏறி நின்னு கையத் தட்டித் தட்டிச் சிரிச்சான். வயித்தப் புடிச்சுக்கிட்டு. எனக்கும் சிரிப்பு வந்துருச்சு தெரியுமா? அதான் வெறி ஏறுச்சு. அந்தச் சிரிப்ப அடிச்சு நிறுத்தணும்னுதான் அடிச்சேன்."

குழாயைப் பிடுங்கி அவன் கழுத்தில் சுற்றியிருப்பேன். ஊசி கழன்ற அன்றிலிருந்து என் கையைக் கட்டிலோடு கட்டி வைக்கிறார்கள்.

சிரித்தானா? எனக்குத் தெரியாதே. நான் மேலே இருந்தேன். மண்டை மோதுகிற சத்தம்தான் கேட்டது.

பிப்ரவரி 23, ஞாயிறு

பாய்லர்காரரைக் கேட்டேன்.

"ஆமாண்டா, சிரிச்சான். பல்லு எல்லாம் தெரிய. நான் கதவுகிட்ட நின்னு பாத்தேன்."

"இத்தன வருஷமா ஏன் சொல்லல?"

"நீ கேக்கலையே. செத்தவன் சிரிச்சான்னு நானா வந்து எப்படிடா சொல்லுவேன்?"

அவரை மறுபடி சொல்லச் சொன்னேன். சொன்னார். சட்டை வெளியே வந்து காற்றில் அடித்துக்கொண்டதாம். போனை வைக்க மனசே இல்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

கொக்கி தூளைக் குடிப்பதில்லை. அன்றைக்கு நான் சொன்னதிலிருந்து ஒரு வாய்கூட இல்லை. வீட்டுக்குக் கொடுத்ததையும் சாக்கடையில் கொட்டுகிறானாம். சிஸ்டர் சொல்லிப் பார்க்கிறாள், டாக்டர் மிரட்டிப் பார்க்கிறார். இரண்டு மிஷின் நாளுக்கு நடுவில் பொட்டாசியம் ஏறினால் இதயம் சொல்லாமல் நின்றுவிடுமாம்.

"நீங்க பக்கத்துலயே இருக்கீங்க, நீங்களாவது சொல்லுங்க தாத்தா" என்றாள்.

நான் ஏன் சொல்ல வேண்டும்? ஒரு விரலும் அசைக்க வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். தம்பி கொட்டிய மணியே அவனைக் கொல்லப் போகிறது.

இன்று இரவு நன்றாகத் தூங்குவேன்.

பிப்ரவரி 27, வியாழன்

அவனால் கையைத் தூக்க முடியவில்லை. மிஷின் ஓடிய பிறகுதான் கொஞ்சம் நிறம் வந்தது. "உன் தம்பி ரத்தத்த நான் குடிக்கணுமா? சாவறேன், போடா" என்கிறான். சாவு. சாவுடா.

மார்ச் 2, ஞாயிறு

பாய்லர்காரர் போய்விட்டார். அவர் மருமகள் போன் செய்தாள். காலையில் டீ குடித்துவிட்டு, டீ சூடு இல்லை என்று ஒரு பாட்டம் திட்டிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாராம்.

கதவருகில் நின்று பார்த்தவர்.

மார்ச் 4, செவ்வாய்

விரலில் கட்டுப் போட்டிருக்கிறார்கள். சொல்லிவிட்டுத்தான் படுப்பேன்.

இன்று போனபோது மிஷின் எதுவும் ஓடவில்லை. மிஷினுக்குத் தண்ணீர் சுத்தம் பண்ணுகிற தொட்டியில் பழைய மணியை எடுத்துவிட்டுப் புது மணி போடுகிறார்கள். சாயங்காலம்தான் ஓடுமாம். அதுவரை தாக்குப்பிடிக்க எல்லோருக்கும் தூள்.

தொட்டி அறை வாசலில் ஒரு மூட்டை கிழிந்து நடைபாதை முழுக்கப் பழுப்பு மணி சிதறிக் கிடந்தது. நான் ஒரு பக்கம் வருகிறேன், கொக்கி மறுபக்கம் வருகிறான், அவன் பேத்தி தாங்கிப் பிடித்திருந்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நின்றோம். ஒரே நேரத்தில் செருப்பைக் கழற்றினோம். மற்ற யாருக்கும் எதற்கென்று புரியவில்லை. தொட்டிக்காரன் வாளியோடு வெளியே வந்து, கால் வைத்த அடுத்த நொடி மல்லாந்து விழுந்தான். அடி பலமில்லை. கொக்கிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்று, முகம் சாம்பலாகி, சுவரோடு சரிந்து உட்கார்ந்தான்.

படுக்கையில் போட்டார்கள். இதயத்தைப் பார்க்கிற பெட்டியில் கோடு தாறுமாறாக ஓடியது. டாக்டர் ஊசி போட்டுவிட்டு வேறு மருத்துவமனைக்கு அனுப்ப வண்டி கேட்கப் போனார். சிஸ்டர் டம்ளரை நீட்டினாள். அவன் தட்டிவிட்டான். மறுபடி கலக்கி வந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினான். பேத்தி அழுதாள்.

நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். எத்தனை வருஷமாகக் காத்திருந்தேன். இதோ போகப் போகிறான். போகட்டும்.

போகட்டும்னு நெனச்சுக்கிட்டே நின்னேன். அப்பத்தான் உறைச்சுச்சு. இவன் போனா, மூட்டை மேல நின்னு கையத் தட்டுனவன் எங்க இருப்பான்? பாய்லர்காரர் போயிட்டாரு. எங்கிட்ட இருக்கறது அந்தக் கிழிஞ்ச முகம் மட்டும்தானே? என் மக கேட்டா என்னத்தச் சொல்லுவேன்?

டம்ளரைப் பிடுங்கினேன். அவன் தாடையில் ஓங்கி ஒரு குத்து விட்டேன். வாய் திறந்தது. மூக்கைப் பிடித்தேன். "குடிடா! குடிடா நாயே! உன் இஷ்டத்துக்குச் சாவியா நீ?" கடித்தான். விரல் எலும்புவரை கடித்தான். விடவில்லை. முட்டியை அவன் மார்பில் ஊன்றிக்கொண்டு ஊற்றினேன்.

சிஸ்டர் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "தாத்தா! விடுங்க! கொன்னுடாதீங்க!" பிறகு அவன் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தாள். இழுப்பதை நிறுத்திவிட்டாள். "மெதுவா... புரையேறிடும்... நிமித்தி உக்கார வச்சு ஊத்துங்க" என்றாள். அவளே அவன் முதுகைத் தாங்கினாள்.

முழுதும் உள்ளே போனது, என் ரத்தம் கொஞ்சமும் சேர்ந்து. அவன் என்னை அடிக்கக் கை ஓங்கினான். ஓங்கிய கை பாதியில் விழுந்துவிட்டது. வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனது.

மார்ச் 6, வியாழன்

படுக்கை காலி. சிஸ்டரிடம் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள், பிழைத்துவிட்டானாம். தூளைக் கொடுத்தால் முறைத்துக்கொண்டே குடிக்கிறானாம்.

மார்ச் 11, செவ்வாய்

வந்துவிட்டான். தாடை இன்னும் வீங்கியிருக்கிறது. என் விரல் இன்னும் மடங்கவில்லை. ஊசி குத்தி முடித்ததும் டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தான், என்னைப் பார்த்துக்கொண்டே. காலி டம்ளரைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினான்.

இன்று மகளையும் அழைத்துப் போயிருந்தேன். அவள் என் படுக்கைக்கும் அவன் படுக்கைக்கும் நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுடா" என்றேன். "மூட்டை மேல நின்னான். அங்கருந்து சொல்லு."

"எதுக்குடா? மறுபடியும் குத்துறதுக்கா?"

"சொன்ன பிறகு குத்துறேன். சொல்லு."

அவன் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு தொடங்கினான். சட்டை வெளியே வந்திருந்தது, ஒரு பொத்தான் இல்லை என்றான். தலைமுடியில் மணி ஒட்டிக்கொண்டு மினுங்கியது என்றான். முன் பல் ஒன்று கொஞ்சம் ஏறி நிற்கும் என்றான். மகள் சட்டென்று தன் வாயைக் கையால் மூடிக்கொண்டாள். அவளுக்கும் அந்தப் பல் அப்படித்தான்.

பாய்லர்காரர் இல்லை. முதலாளி இல்லை. கும்பலில் வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்களாம், அவனே விரல் மடக்கிச் சொன்னான். என் தம்பி சிரித்ததைக் கண்ணால் பார்த்தவர்களில் இன்றைக்கு உயிரோடு இருப்பவன் ஒருத்தன்தான். கொக்கி.